உள்ளடக்கப் பகுப்பாய்வில் கோளாறா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

ஆய்வுமுறை இயலை எழுதும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து செய்திகளுக்குக் குறியீடு போடத் தொடங்கியதும் கோளாறுகள் வரிசையாகத் தலைகாட்டும். நாளிதழ்ச் செய்திகளை வைத்து உள்ளடக்கப் பகுப்பாய்வு (செய்திகளை வகைபிரித்து, வகைக்கு ஒரு எண் கொடுத்து எண்ணிப் பார்க்கும் ஆய்வு) செய்பவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள் இங்கே அறிகுறி வாரியாக உள்ளன. ஒவ்வொன்றிலும் காசும் நேரமும் செலவாகாத காரணம் முதலில் வரும், எல்லாவற்றையும் மறுபடி குறியிட வைக்கும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையிலேயே பாருங்கள். பலர் நேரே கடைசிக்குப் போய் ஒரு மாத வேலையைக் குப்பையில் போடுகிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே பொருளை வைத்துக்கொள்வோம்: 2019-ல் சென்னைத் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தமிழ் நாளிதழ்கள் எப்படி எழுதின? பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்ட கோடை அது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

எதைத் தொடுவதற்கு முன்னும் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். இருவரின் கோப்புகளையும் அப்படியே நகலெடுத்துத் தனியே வையுங்கள். குறியீட்டுக் கையேட்டின் (எதற்கு எந்தக் குறியீடு என்ற விதிகளின் தொகுப்பு) இப்போதைய வடிவத்துக்குத் தேதி போட்டுச் சேமியுங்கள். பிற்பாடு எது எப்போது மாறியது என்று கேள்வி வரும்போது இந்த இரண்டும்தான் பதில்.

அறிகுறி 1: எல்லா மாறிகளிலும் இசைவு படுமோசம்

இசைவு என்றால் ஒரே செய்திக்கு இருவரும் ஒரே குறியீடு போடுவது. மாறி என்றால் தேதி, வகை, தொனி போலக் குறியிடப்படும் ஒவ்வொன்றும். முதலில் தேதி, பக்க எண் ஆகிய இரண்டு பத்திகளைப் பாருங்கள். இவற்றில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. இவையும் ஒத்துப்போகவில்லை என்றால் தவறு கோப்பில்தான் இருக்கிறது, ஆட்களைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

வரிசை நகர்ந்திருக்கிறதா? ஒருவர் எக்ஸெலில் தேதிவாரியாக அடுக்கியிருப்பார், மற்றவர் பக்கவாரியாக. செய்தி எண் பத்திகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சமமா என்று ஒரு சூத்திரம் போட்டால் போதும்.

வெற்றுக் கட்டமும் சுழியும் கலந்திருக்கின்றனவா? ஒருவர் "இல்லை" என்பதற்கு 0 போட்டிருப்பார், இன்னொருவர் கட்டத்தைக் காலியாக விட்டிருப்பார். 0 என்றால் இல்லை, 99 என்றால் பொருந்தாது, காலி என்றால் இன்னும் குறியிடவில்லை என்று தீர்மானித்துவிட்டு நிரப்புங்கள். காலிக் கட்டங்களை மொத்தமாக 0 ஆக்கிவிடாதீர்கள். எது உண்மையில் விடுபட்டது என்று குறியிட்டவரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மென்பொருளுக்குள் அட்டவணை திரும்பிப் போயிருக்கிறதா? ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளின் ஐஆர்ஆர் (irr) தொகுப்பில் இது அடிக்கடி நடக்கும். கப்பா (தற்செயலாகக் கிடைக்கும் இசைவைக் கழித்துவிட்டு அளக்கும் எண்) கணக்கிடும் கட்டளைக்குச் செய்திகள் கிடைவரிசையிலும் ஆட்கள் நெடுவரிசையிலும் இருக்க வேண்டும். அதே தொகுப்பின் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபாவுக்கு (அதே வேலையைச் செய்யும் இன்னொரு அளவு) நேர்மாறு: ஆட்கள் கிடைவரிசை, செய்திகள் நெடுவரிசை. கப்பாவுக்குத் தயாரித்த அட்டவணையை ஆல்ஃபாவுக்குக் கொடுத்தாலும் கணினி முணுமுணுக்காமல் ஒரு எண்ணைத் துப்பிவிடும். அதன் வெளியீட்டில் எத்தனை ஆட்கள், எத்தனை அலகுகள் (செய்திகள்) என்று போட்டிருக்கும். "2 அலகுகள், 120 ஆட்கள்" என்று வந்தால் அட்டவணையைத் திருப்புங்கள்.

இவை மூன்றும் சரியென்றால் அலகைச் சந்தேகியுங்கள். ஒரே நாள் இதழில் ஒருவர் 14 தண்ணீர்ச் செய்திகளும் மற்றவர் 19-ம் எடுத்திருந்தால் பிரித்தலிலேயே சண்டை என்று பொருள். முதன்மைச் செய்திக்குள் இருக்கும் பெட்டிச் செய்தி தனியா? விளக்கவரியோடு வந்த படம் ஒரு செய்தியா? முதல் பக்கத்தில் தொடங்கி 7-ம் பக்கத்துக்குப் போகும் தொடர்ச்சி ஒன்றா, இரண்டா? ஒரே ஆள் முழு இதழையும் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டுக் கொடுத்த பிறகு இருவரும் குறியிடட்டும். பிரித்தல் சரியா என்பதை வேண்டுமானால் நாலைந்து நாள் இதழில் தனியே சோதிக்கலாம்.

இந்த அறிகுறிக்கு வெளியாள் தேவைப்படுவது அபூர்வம். ஒரு பிற்பகலில் முடிகிற வேலை.

அறிகுறி 2: மற்றதெல்லாம் சரி, ஒரே ஒரு மாறி மட்டும் தகராறு

ஒரு குறுக்கு அட்டவணை போடுங்கள். முதலாமவர் கொடுத்த குறியீடுகள் இடப்புறம், இரண்டாமவர் கொடுத்தவை மேலே. மூலைவிட்டத்தில் விழுபவை இசைவு. அதற்கு வெளியே எந்தக் கட்டம் பருத்திருக்கிறது என்று பாருங்கள்.

பருத்த கட்டம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால்

முதலாமவர் "அரசு நடவடிக்கை" என்பதையெல்லாம் இரண்டாமவர் "தட்டுப்பாடு" என்கிறார், மறுதிசையில் எதுவும் இல்லை. ஒருவர் விதியை வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் செய்திகளில் பத்தை எடுத்து, விதியை உரக்கப் படித்துப் பேசினால் தீரும்.

இரண்டு பக்கமும் பருத்திருந்தால்

வகைகளின் எல்லையே மங்கல். பயிற்சி கொடுத்து இதைத் தீர்க்க முடியாது, கையேட்டைத் திருத்த வேண்டும். ரயில் தண்ணீர்ச் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் ரயிலை வரவேற்ற அமைச்சர், நடுவில் காலிக் குடத்தோடு நிற்கும் பெண்கள், கடைசியில் ஜோலார்பேட்டைப் பக்கத்து எதிர்ப்பு என்று ஒரு செய்தி அமைந்தால் அது தட்டுப்பாடா, அரசு நடவடிக்கையா, போராட்டமா? "ஒரு செய்திக்கு ஒரே வகை" என்று வைத்திருந்தால் இருவரும் நாணயம் சுண்டித்தான் போட வேண்டும்.

இதற்கு இரண்டு மருந்து உண்டு. முன்னுரிமை விதி மலிவானது: தலைப்பும் முதல் பத்தியும் எதைப் பேசுகின்றனவோ அதுவே வகை, இரண்டும் மோதினால் தலைப்பு வெல்லும். ஒரே மாறியை ஆம்–இல்லை மாறிகளாக உடைப்பது சற்றே செலவானது: தட்டுப்பாடு பேசப்படுகிறதா, நடவடிக்கை பேசப்படுகிறதா, எதிர்ப்பு பேசப்படுகிறதா. குறியிடும் நேரம் கூடும். ஆனாலும் தமிழ் நாளிதழ்ச் செய்திகளுக்கு இரண்டாவதே பொருத்தம். அமைச்சர் அறிவிப்பில் தொடங்கி மக்கள் அவதியில் முடிவது இங்கே வாடிக்கையான நடை.

மாறி "தொனி" என்றால்

தனியாக எழுதக் காரணம், பாதி ஆய்வேடுகள் இங்கேதான் விழுகின்றன. நேர்மறை, எதிர்மறை, நடுநிலை என்று மூன்று பெட்டி வைத்துவிட்டு, யாரைப் பற்றிய தொனி என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள். புழல் வறண்டது என்ற செய்தி இயல்பாகவே கெட்ட செய்தி. அதை ஒருவர் எதிர்மறை என்பார். அதில் அரசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே என்று மற்றவர் நடுநிலை போடுவார். இருவரும் சரிதான், கையேடுதான் தவறு. பதிவு இப்படி இருந்தால் தகராறு பெருமளவு குறையும்:

"மாறி 11: மாநில அரசின் மீதான தொனி. எதைக் கணக்கில் கொள்வது: தலைப்பு, துணைத்தலைப்பு, செய்தியாளரின் சொந்த வாக்கியங்கள். எதை விடுவது: மேற்கோளுக்குள் இருப்பது, 'என்று கூறினார்', 'என்று குற்றம்சாட்டினார்' என முடிவது (இவை மாறி 12-ல், பேசியவர் யார் என்பதோடு). எதிர்மறை 1: அரசின் செயலையோ செயலின்மையையோ குறை சொல்லும் சொல் இருந்தால், 'மெத்தனம்', 'கண்டுகொள்ளவில்லை' போன்றவை. நேர்மறை 3: அரசைப் பாராட்டும் சொல் இருந்தால், 'துரித நடவடிக்கை' போன்றவை. நடுநிலை 2: இரண்டும் இல்லாதபோது. இரண்டும் இருந்தால் தலைப்பில் உள்ளது; தலைப்பில் இல்லையென்றால் 2. எல்லை எடுத்துக்காட்டு: 'குடம் இங்கே, குடிநீர் எங்கே?' என்ற தலைப்பு 2. கேள்வி யாரையும் சுட்டவில்லை."

கடைசி வரியைப் போல எல்லை எடுத்துக்காட்டு இரண்டு மூன்று ஒவ்வொரு மாறிக்கும் வேண்டும். கிண்டல் தலைப்புகளுக்கு வரையறையை எவ்வளவு நீட்டினாலும் போதாது, எடுத்துக்காட்டுத்தான் வேலை செய்யும்.

தொனி 1 முதல் 5 வரையான படிநிலை என்றால் இன்னொன்றும் பாருங்கள். ஆல்ஃபாவைப் பெயரளவு நிலையில் கணக்கிட்டிருந்தால் 3-க்கு 4 போட்டதும் 1-க்கு 5 போட்டதும் ஒரே அளவு குற்றமாகும். வரிசையளவு நிலைக்கு மாற்றுங்கள். செலவே இல்லாத திருத்தம் இது. ஆனால் உண்மையிலேயே படிநிலையாக உள்ள மாறிக்கு மட்டும்.

கையேட்டைத் திருத்திய பிறகு பழைய செய்திகளிலேயே மறுபடி சோதிக்கக் கூடாது. அவற்றைப் பேசிப் பேசி இருவருக்கும் விடை மனப்பாடம். புதிதாக 50 செய்தி எடுத்து, ஒருவரை ஒருவர் கலக்காமல் குறியிட வேண்டும். முரண்பட்டதைப் பேசித் தீர்த்துவிட்டு அந்த எண்ணை இசைவாக அறிக்கையில் போடுவதும் செல்லாது. பேசுவதற்கு முந்தைய எண்தான் இசைவு.

எப்போது வெளியே கேட்பது: மூன்று முறை கையேட்டைத் திருத்தி, மூன்று முறையும் புதிய செய்திகளில் ஆல்ஃபா 0.667-க்குக் கீழே நின்றால் அந்த மாறியை விட்டுவிடலாமா என்று வழிகாட்டியிடம் பேசுங்கள். கிரிப்பென்டார்ஃப் வகுத்த எல்லையில் 0.800-க்கு மேல் நம்பலாம், 0.667 முதல் 0.800 வரை தற்காலிக முடிவுக்கு மட்டும், அதற்குக் கீழே பயன்படுத்தக் கூடாது.

அறிகுறி 3: இசைவுச் சதவீதம் 92, கப்பா 0.29

மென்பொருள் பழுதில்லை. கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். 100 செய்திகள், கேள்வி: நிலத்தடி நீர் உறிஞ்சல் பேசப்படுகிறதா? 90-ல் இருவரும் இல்லை, 2-ல் இருவரும் ஆம், மீதி 8-ல் ஆளுக்கு நான்கு தனி ஆம். ஆக, ஒவ்வொருவரும் 6 ஆம், 94 இல்லை. தற்செயலாகவே கிடைத்திருக்கக்கூடிய இசைவு 0.06-ன் வர்க்கமும் 0.94-ன் வர்க்கமும் சேர்ந்து 0.8872. 0.92-லிருந்து அதைக் கழித்தால் 0.0328. அதை 0.1128-ஆல் வகுத்தால் 0.29.

அந்தச் சிறிய எண் உண்மையைத்தான் சொல்கிறது. யாராவது ஒருவர் ஆம் சொன்ன 10 செய்திகளில் 2-ல்தான் ஒத்துப்போயிருக்கிறார்கள். 92 சதவீதம் வந்தது இல்லாததை இல்லை என்றதால்.

அந்த 8 செய்திகளை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் ஒரே ஐயம் திரும்பத் திரும்ப வரும்: "தனியார் லாரித் தண்ணீர்" என்றாலே நிலத்தடி நீர் என்று கொள்வதா? அதற்கு ஒரு விதி எழுதினால் பாதி தீரும். அரிதான வகைதான் ஆய்வின் உயிர் என்றால் சோதனைத் தொகுதியில் அந்த வகை வரக்கூடிய செய்திகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், 60 சந்தேகத்துக்குரியவை, 60 குலுக்கலில் வந்தவை என்பது போல. அப்படிச் சேர்த்ததை அறிக்கையில் எழுதிவிட வேண்டும். உயிர் இல்லையென்றால் வேறு வகையோடு இணையுங்கள் அல்லது நீக்குங்கள். கப்பாவை மறைத்துச் சதவீதத்தை மட்டும் போடுவது வைவாவில் (ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில்) முதல் பத்து நிமிடத்திலேயே பிடிபடும்.

இருவரும் 100-க்கு 100 "இல்லை" போட்டிருந்தால் இசைவு 1 என்று எழுதாதீர்கள். அங்கே கணக்கே சுழியைச் சுழியால் வகுப்பதாகிவிடும். அந்தத் தொகுதியை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதே பொருள்.

அறிகுறி 4: "மற்றவை" வீங்குகிறது

பத்தில் ஒன்றைத் தாண்டினால் பாருங்கள். "மற்றவை" அத்தனையையும் தலைப்போடு பட்டியலிட்டால் ஒளிந்திருக்கும் வகை தானே தெரியும். தண்ணீர் ஆய்வில் அது பெரும்பாலும் விடுதிகளும் உணவகங்களும் மூடியது, ஐடி நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது போன்ற தொழில் பாதிப்பாக இருக்கும். புதிய வகை சேர்த்தால் பழைய "மற்றவை" மட்டுமல்ல, பக்கத்து வகைகளையும் மறுபடி புரட்ட வேண்டும். பட்டியலில் எந்த ஒழுங்கும் தெரியவில்லை என்றால் அப்படியே விடுங்கள்.

அறிகுறி 5: கணினித் தேடலில் எண்ணிக்கை அபத்தமாக வருகிறது

மிகக் குறைவாக வந்தால்

"தண்ணீர்" என்று தேடினால் "தண்ணீரை", "தண்ணீருக்கு", "தண்ணீரின்றி" எதுவும் சிக்காது. கணினிக்குள் "ர்" என்பது ர-வும் புள்ளியும். வேற்றுமை உருபு ஏறியதும் புள்ளி போய்விடுகிறது. புள்ளியை எடுத்துவிட்டு "தண்ணீர" என்று குறியெழுத்து அளவில் தேடினால் எல்லாம் வரும். மகர ஈறு இன்னும் மோசம்: "மரம்" தேடினால் "மரத்தை" வராது. "மர" என்று வெட்டினால் மரபும் மரணமும் வந்து குவியும். அங்கே "மரம்", "மரங்க", "மரத்த" என்று தனித்தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

புணர்ச்சியில் மறைவதும் உண்டு. "ஏரி" தேடலில் "புழலேரி" சிக்காது, அங்கே ஏ என்ற தனியெழுத்தே இல்லை. பெயர்களின் எழுத்து வேறுபாட்டையும் சேருங்கள்: கொசஸ்தலை, குசஸ்தலை, கொற்றலை எல்லாம் ஒரே ஆறு.

பார்வைக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் சிக்கவில்லை என்றால் குறியேற்றம். "கொ" என்பதன் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், எகரக் குறியும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. முழுக் கோப்பையும் யுனிகோடு என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது இத்தகைய எழுத்தை எப்போதும் ஒரே மாதிரி வைக்கும் வடிவத்துக்கு, மாற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத சுழி அகலக் குறிகளையும் நீக்கிவிட்டுத் தேடுங்கள். படத்திலிருந்து எழுத்தாக்கிய கோப்பு என்றால் காலும் ரகரமும் மாறிக் கிடக்கும்.

மிக அதிகமாக வந்தால்

"ஏரி" தேடலில் "ஏரியா" வரும். "பெண்" தேடலில் பெண்ணாடமும் பெண்ணையாறும் வரும். விலக்குப் பட்டியல் ஒன்று போடுங்கள்.

எவ்வளவு நம்பலாம் என்று அளக்க: தேடலில் விழுந்தவற்றில் 100-ஐக் குலுக்கி எடுத்து, பொருந்தாதவை எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு மூன்று நாள் இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கையால் படித்து, தேடல் தவறவிட்டவை எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டாவதைப் பலரும் செய்வதில்லை. ஆனால் ஆய்வைச் சாய்ப்பது அதுதான்.

சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி மென்பொருளிடம் குறியிடக் கொடுப்பவர்களுக்கும் இதே சோதனைதான். மனிதர் இருவர் குறியிட்ட 200 செய்திகளை ஒதுக்கி வைத்து அதனோடு ஒப்பிடுங்கள், மென்பொருளின் பதிப்பையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

எப்போது வெளியே கேட்பது: பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக் கோப்புகள் கலவையாக இருந்தால் தமிழ்க் கணிமை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். இணையத்து மாற்றிகளில் ஒவ்வொன்றாக ஒட்டி மாற்றினால் எங்கே பிழை ஏறியது என்றே தெரியாமல் போகும்.

அறிகுறி 6: ஒரே மாதிரியான செய்திகள் அளவுக்கு மீறி இருக்கின்றன

ஒவ்வொரு ஏழாம் நாளையும் எடுத்தீர்களா? அப்படியானால் வருடம் முழுக்க ஒரே கிழமை. ஞாயிறு விழுந்தால் இணைப்பிதழ்க் கட்டுரைகளே நிறையும். 14-ம் நாள், 21-ம் நாள் எல்லாம் அதே கதைதான். கட்டமைத்த வாரம் போடுங்கள்: ஆண்டின் திங்கட்கிழமைகளை எல்லாம் பட்டியலிட்டு இரண்டைக் குலுக்குங்கள், அப்படியே ஏழு கிழமைக்கும். மொத்தம் 14 நாள். 1993-ல் ரைஃப், ஆஸ்ட், லேசி மூவரும் ஆறு மாதத்துக்கு ஒரு கட்டமைத்த வாரம் போதும் என்று காட்டினார்கள், ஆண்டுக்கு இரண்டு என்ற வழக்கம் அதைத் தொட்டே வந்தது. விழுந்த தேதி பத்திரிகை விடுமுறைக்கு மறுநாளாக இருந்து இதழே இல்லையென்றால் அதே கிழமையில் இன்னொன்று குலுக்குங்கள், அடுத்த நாளுக்குத் தாவாதீர்கள்.

ஆனால் அந்தக் கணக்கு அன்றாடம் சீராக வரும் செய்திக்கு. 2019 தண்ணீர்ச் செய்தி ஜூன், ஜூலையில் குவிந்தது. குலுக்கலில் அந்த இரண்டு மாதத்துக்கு இரண்டே நாள் விழுந்தால் ஆய்வில் பஞ்சமே இருக்காது. உச்ச மாதங்களை முழுமையாக எடுத்து, மற்றவற்றில் குலுக்கி, இரண்டையும் தனித்தனியே அறிக்கையிடுவது நல்லது.

பதிப்பையும் பாருங்கள். ஒரு நாளிதழின் சென்னைப் பதிப்பையும் இன்னொன்றின் மதுரைப் பதிப்பையும் ஒப்பிட்டால் அது ஊர் வேறுபாடு, இதழ் வேறுபாடு ஆகாது. நூலகத்தில் எந்தப் பதிப்பு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்று முதலிலேயே நூலகரிடம் கேளுங்கள். இணையதளச் செய்தியை அச்சு இதழுக்கு மாற்றாக வைக்கவும் கூடாது, தலைப்பே பகலில் இரண்டு முறை மாறியிருக்கும்.

அறிகுறி 7: முதல் வாரம் ஒரு மாதிரி, நாலாம் வாரம் வேறு மாதிரி

ஆள் அதே, கையேடு அதே, குறியீடு மட்டும் நகர்கிறது. முதல் வாரத்துச் செய்திகளில் 20-ஐ எடுத்து, பழைய குறியீட்டைக் காட்டாமல் அதே ஆளிடம் மறுபடி கொடுத்துப் பாருங்கள். விலகல் ஒரே மாறியில் என்றால் அதை மட்டும் முழுக்க மறுகுறியிடுங்கள். பல மாறிகளில் என்றால் களைப்பு. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் குறியிடுகிறார் என்று விசாரியுங்கள்.

இதன் மிகக் கெட்ட வடிவம்: முதல் இரண்டு வாரம் முழுக்க ஒரு நாளிதழ், அடுத்த இரண்டு வாரம் மற்ற நாளிதழ் என்று குறியிட்டிருந்தால், கை நகர்ந்ததெல்லாம் இதழ்களுக்கிடையேயான வேறுபாடாக முடிவில் வந்து நிற்கும். புள்ளியியல் எதுவும் இதைப் பிரித்தெடுக்காது. செய்திகளைக் கலைத்துப் போட்டு மறுகுறியிடுவது தவிர வழியில்லை. தொடங்கும்போதே கலைத்துக் கொடுத்தால் செலவு சுழி.

அறிகுறி 8: அட்டவணை சரி, ஆனால் வைவாவில் நிற்காது

கை ஸ்கொயர் (வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் சோதனை) எல்லாவற்றிலும் மூன்று நட்சத்திரம், அதாவது தற்செயல் இல்லை என்ற வலுவான குறி, காட்டுகிறதா? ஒரே நாளில் வந்த பத்துச் செய்திகள் பத்துத் தனிச் சான்றுகள் அல்ல, அன்றைய நிகழ்வு ஒன்றே அவற்றைப் பெற்றெடுத்தது. நாள்களைக் குலுக்கிச் செய்திகளை எண்ணியவர்கள் இதைச் சரிக்கட்ட வேண்டும். எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழுள்ள கட்டங்கள் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தாலும் அந்தச் சோதனை ஆடும். இரண்டுமே புள்ளியியல் துறையில் ஒருவரிடம் கோப்போடு போக வேண்டிய இடங்கள். குறியிடத் தொடங்கும் முன்பே போனால் அவரும் சந்தோஷப்படுவார்.

பரப்பளவை ஒப்பிட்டிருந்தால் பத்தி சென்டிமீட்டரை அப்படியே போடாதீர்கள். பெரிய தாள் இதழும் சிறிய தாள் இதழும் ஒரே அளவுகோலில் வராது, பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று மாற்றுங்கள்.

கடைசியாக, முடிவுரையின் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். "மறைத்தது", "மக்களைத் திசைதிருப்பியது", "அரசுக்கு அஞ்சியது" என்று இருந்தால், செய்தித்தாளைப் படித்து மட்டும் அவற்றைச் சொல்ல முடியாது. "ஜூன் மாதத்து 212 செய்திகளில் 9-ல் மட்டுமே நிலத்தடி நீர் உறிஞ்சல் இடம்பெற்றது" என்ற பாணியில் உங்கள் எண்ணை எழுதலாம். ஏன் இடம்பெறவில்லை என்று சொல்ல வேண்டுமானால் செய்தியாளர்களிடம் நேர்காணல் எடுக்க வேண்டும், அல்லது அதே தேதிகளின் அரசுச் செய்திக்குறிப்புகளை வாங்கி, எத்தனை வாக்கியம் அப்படியே அச்சாகியிருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். வாசகர் என்ன நினைத்தார் என்பதற்கு வாசகரிடம் போக வேண்டும். நேரம் இல்லையென்றால் அந்த வாக்கியங்களை அடித்துவிட்டுக் கொடுங்கள்.